உங்கள் அம்மாவின் அளவு

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் பீரோவைத் திறந்து அம்மாவின் தோல் ஜாக்கெட்டை எடுத்தபோது நான் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. பெரியவள் போட்டுப் பார்த்தாள். தோள் சரியாக உட்கார்ந்தது, முன்பக்க ஜிப் மட்டும் சேரவே இல்லை. "அம்மா இவ்வளவு சின்னதாவாடா இருந்தாங்க?" என்று கேட்டாள். "கடைசில அப்படித்தான இருந்தாங்க" என்றான் சின்னவன். ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு வந்து, தட்டில் வைத்த சோற்றையும் பாதியில் விட்டு எழுந்துவிட்டீர்கள்.

அந்த ஜாக்கெட் சின்ன அளவில் வெட்டியது இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம், ஆனால் எனக்கு நடுவில் பேச்சு நின்றுவிடும். எழுதினால் நின்ற இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ளலாம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன் எழுதுவது, தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள். நீங்கள் அம்மாவை அந்தச் சின்ன அளவிலேயே மனதில் வைத்துக்கொண்டுவிடக் கூடாது. என் கவலை அவ்வளவுதான்.

நம் வீட்டில் எல்லோருடைய உடுப்பும் எங்கே இருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங்கில். நாம் போட்டதெல்லாம் ரிஜெக்ட் பீஸ். கை ஒன்று நீளம், பிரிண்ட் கோணல், கழுத்து அலை அலையாக. தீபாவளிக்கு எடுத்ததைத் தவிர, வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று சொன்னதைத்தான் நீங்கள் இரண்டு பேரும் போட்டு வளர்ந்தீர்கள். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாக நான் நினைத்ததே இல்லை. வீட்டில் நைட்டிக்கு மேலே அந்த டி-சர்ட்டில் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் இருப்பாள். எல் சைஸ்.

மருந்து ஏற்ற கோயம்புத்தூர் போய் வர ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குக் குளிர் பிடித்துக்கொண்டது. மருந்து ஏற்றுகிற அந்த அறையில் ஏசி எப்போதும் ஓடும். "எலும்புக்குள்ள ஐஸக் கொண்டுபோய் வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்பாள். வெளியே பங்குனி வெயில் அடிக்கும், அவளுக்கு வீட்டுக்கு வந்தும் பல் தந்தியடிக்கும். நான் கம்பெனியிலிருந்து உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் கனத்த பனியன் கோட்டுகளாகக் கொண்டுவந்து குவித்தேன். ஒன்றில் தலைமூடி கோணல், இன்னொன்றில் ஒரு பாக்கெட் இறங்கி இருந்தது. போட்டவுடன் அவள் கண் நேரே குற்றத்துக்குத்தான் போகும்.

"ஏனுங்க, இதுல நானே அம்பு ஒட்டி அனுப்பியிருப்பேன். அதையே எனக்குக் கொண்டாந்து போட்டுடறீங்க."

செக்கிங்கில் குற்றம் இருக்கும் இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதும் அம்மாவின் சுடிதாரில் எங்காவது ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டு வரும், நீங்கள் பிய்த்து விளையாடியிருக்கிறீர்கள்.

"எனக்கு ஒன்னு தெச்சுக் குடுங்க" என்றாள் ஒரு நாள். "என்ற அளவுக்கு. ஒரு குத்தம் இல்லாம. தோல்ல."

"தோல்லயா?"

"துணின்னா குத்தம் கண்டுபுடிச்சுருவேன். தோலப் பத்தி எனக்குத் தெரியாதுல்லீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஊட்டிக்குப் போகிற பைக் கூட்டத்தில் ஒரு பெண் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றதை ஆஸ்பத்திரி போகும் வழியில் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறாள். "அவளுக்குக் காத்தே படாதுங்க" என்றாள்.

சரி என்று அளவெடுக்க உட்கார்ந்தேன். எப்படி எடுத்தேன் தெரியுமா? அவளுடைய பச்சை டி-சர்ட் ஒன்றை, அந்தப் பிரிண்ட் தலைகீழாக விழுந்ததை, கட்டிலில் விரித்து, சுருக்கம் நீவி, அக்குளுக்குக் கீழே டேப்பைக் குறுக்கே வைத்தேன். எனக்கு அளவெடுப்பது என்றால் அதுதான். இத்தனை வருஷ வேலையில் நான் மனுஷ உடம்பை அளந்ததே இல்லை. உடுப்பை டேபிளில் படுக்கப்போட்டுத்தான் அளப்போம். அதைப் போடப் போகிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ. அம்மாவும் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையைத்தான் கொடுத்து அனுப்புவாள்.

அவள் டம்ளரில் டீயோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பனியனுக்குக் குளுருதுங்களா?" என்றாள். "அதப் போட்டுட்டுத் திரிஞ்சவ இங்க நிக்கறேன். என்ன அளங்க."

டம்ளரை வைத்துவிட்டுக் கையைத் தூக்கி நின்றாள். கல்யாணமாகி நீங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த பிறகு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் உங்கள் அம்மாவைச் சுற்றி டேப் பிடித்தேன். கை இரண்டும் வந்து சேர வேண்டிய இடத்துக்கு முன்னாடியே சேர்ந்துவிட்டன. டேப்பில் மீதி நிறையத் தொங்கியது. எந்த எண்ணில் நின்றது என்று உங்களுக்கு எழுத மாட்டேன். "எவ்வளவுங்க?" என்றாள். நான் கூட்டித்தான் சொன்னேன்.

"செக்கிங்காரிகிட்டயேவா?" என்று டேப்பை வாங்கி, என் விரல் பிடித்திருந்த இடத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டேப்பை நன்றாகச் சுருட்டி என் சட்டைப் பையில் போட்டாள்.

"தெக்கறவருகிட்ட எல் சைஸ்தான் சொல்லோணும்" என்றாள்.

பல்லடம் ரோட்டில் ஒரு சந்துக்குள் பைக் சீட்டு தைக்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஊட்டி போகிற பையன்களுக்குத் தோல் ஜாக்கெட்டும் தைத்துக் கொடுப்பார். அம்மாவை மொபட்டில் உட்காரவைத்து மெல்ல ஓட்டிப் போனேன். தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, மின்விசிறியை மட்டும் நிறுத்தினார்.

முதலில் எருமைத் தோலைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அம்மா அதைத் தூக்கித் தோளில் போட்டுப் பார்த்தாள். தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இது என்னையத் தூக்கிப் போட்டுரும்" என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்தது செம்மறி. பாய் அதை விரித்தபோது சத்தமே வரவில்லை, அவ்வளவு மெத்து. அம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் பாதம் இப்படித்தான் இருந்தது என்றாள். ஆனால் நகத்தால் ஓரத்தை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்.

"நல்ல மால் தங்கச்சி. காத்து மாதிரி இருக்கும். எல்லாப் பொம்பளைங்களும் இதத்தான் கேக்கறாங்க" என்றார் பாய்.

"சீக்கிரம் கிழிஞ்சு போயிருமுங்க. எனக்கு நெறைய வருசம் வரோணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த சீட்டு உறைகளைப் பார்த்தேன்.

கடைசியில் வெள்ளாட்டுத் தோல். கனமும் இல்லை, மெலிசும் இல்லை. கருப்பட்டி நிறம். பொடிப் பொடியாகப் புள்ளி வைத்த மாதிரி மேல்பக்கம். அதில்தான் அம்மா தன் வேலையைக் காட்டினாள். தோலை வெளிச்சத்துப் பக்கம் இழுத்து, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், டேபிளில் துணி பார்க்கிற மாதிரியே பார்த்தாள். கைப்பையைத் திறந்தாள். அம்பு ஸ்டிக்கர் அட்டை அதில் இருந்தது. வேலைக்குப் போவதை நிறுத்தி மாதங்கள் ஆகியும் அது பையிலேயே இருந்திருக்கிறது. உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு என்று ஒவ்வொன்றாக ஒட்டினாள். பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ தங்கச்சி! ஆடுன்னா வேலிக்குள்ள நொழையத்தான் செய்யும். நீங்க பாக்கறதப் பாத்தா அத ஊட்டுக்குள்ள வெச்சுப் படிக்கவெச்சிருக்கணும் போலிருக்கே!"

"எங்கூட்டுப் புள்ளைங்களையே முள்ளுல உழுகாம வளத்துனேனுங்க. உங்களுக்கு ஒரு ஆட்டப் பாத்துக்க முடியலீங்களா?"

"நானா வளத்தேன்?"

"அப்ப அடுத்ததக் காட்டுங்க."

நான் அவளிடம் மெதுவாக, குற்றம் இருக்கிற இடத்தைக் கைக்கு அடியில் வைத்து வெட்டிவிட்டால் தெரியாது என்று சொன்னேன். "தெரியாதுதானுங்க. எனக்குத் தெரியுமே" என்றாள். பாய் உள்ளே போய் மூட்டையையே தூக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் அம்மா தேர்ந்தெடுத்த தோல்களில் ஒரு அம்பு கூட இல்லை. நீங்கள் பீரோவில் எடுத்துப் பார்த்தது அதைத்தான். எங்கே வேண்டுமானாலும் தேடுங்கள், குற்றம் கிடைக்காது.

பிறகு அளவு. இங்கேதான் எனக்கும் அவளுக்கும் பேச்சு வளர்ந்தது. எல் என்று அவள் சொன்னாள். நான் வீட்டில் எடுத்த அளவைச் சொன்னேன். குளிர் இன்றைக்குத்தான் அடிக்கிறது, உடம்பை ஒட்டி இருந்தால்தான் குளிர் தாங்கும், பெரிதாகத் தைத்தால் காற்று உள்ளே புகுந்துகொள்ளும் என்பது என் கணக்கு. நான் சொன்னது தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஏனுங்க, நீங்க கட்டிங் மாஸ்டர்தானுங்க? துணி தொவச்சா சுருங்கும்னு சேத்தித்தான வெட்டறீங்க? எனக்கும் அப்படிச் சேத்தி வெட்டச் சொல்லுங்க. நான் கொஞ்சம் சுருங்கியிருக்கறேன், அவ்வளவுதான்."

சுருங்கின துணி திரும்ப நீளாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"இப்ப சின்னதாத் தெச்சுக்கலாம், பின்னாடி பிரிச்சுப் பெருசு பண்ணிக்கலாம்" என்றேன் பாயிடம். துணிக்காரன் புத்தி. பனியனில் தையலைப் பிரித்துத் தண்ணீர் காட்டினால் ஊசித் தடம் போய்விடும்.

பாய் ஒரு துண்டுத் தோலை எடுத்து ஊசியால் ஒரு குத்துக் குத்தி என் கண்ணெதிரில் காட்டினார். "இந்த ஓட்டை இனி போகாதுண்ணே. தோல்ல ஒரு தடவதான் தைக்கலாம். பிரிச்சா வரிசையா ஓட்டையா நிக்கும். எந்த அளவுன்னு இப்பவே முடிவு பண்ணிருங்க."

எல் சைஸில் தைத்தால் அவளுக்குக் குளிரும். இன்றைய அளவில் தைத்தால், நீ இனி எல் சைஸுக்குத் திரும்ப மாட்டாய் என்று நானே ஊசியால் எழுதிக் கொடுத்த மாதிரி.

பாய்தான் சுவரில் தொங்கிய ஒரு பையனின் ஜாக்கெட்டை எடுத்துப் பக்கவாட்டைக் காட்டினார். அக்குளிலிருந்து இடுப்பு வரை திறந்து, இரண்டு ஓரத்திலும் பித்தளை வளையங்கள் வைத்து, ஷூவுக்குக் கட்டுகிற மாதிரி தோல் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கோத்திருந்தது. "இது ஸ்டைலுக்கு வெக்கறது. தங்கச்சிக்கு ரெண்டு பக்கமும் வெச்சுடறேன். அவங்க சொல்ற அளவுக்கே வெட்டறேன். இன்னிக்கு இழுத்துக் கட்டிக்கட்டும். உடம்பு தேற தேற லூசு பண்ணிக்கட்டும்."

"தோளு?" என்றேன்.

"தோள் எலும்புண்ணே. அது எளைக்காது. அதுக்கு ஒரே அளவுதான்."

அதனால்தான் பெரியவளுக்குத் தோள் மட்டும் பொருந்தியது. உனக்கு அம்மாவின் தோள்.

கயிற்றுக்குப் பின்னால் இடைவெளி தெரியாமல் இருக்க இழுபடுகிற துணி வேண்டும் என்றார் பாய். அது என் வேலை. கழுத்துப் பட்டிக்கு வைக்கிற ரிப் துணியில் கருப்பு, புது ரோலில் முதல் சுற்று, மேனேஜரிடம் கேட்டு வெட்டிக்கொண்டு வந்தேன். அம்மா அதையும் இழுத்து, விட்டு, திரும்ப இழுத்து, ஊசிக்கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பாஸ் பண்ணினாள். மருந்து ஊசி போட வசதியாக இடது கையில் முழங்கை வரைக்கும் ஒரு ஜிப் வைக்கச் சொன்னாள்.

ஜாக்கெட் வந்த அன்று நீங்கள் ஹாஸ்டலில் இருந்தீர்கள். அம்மா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய்த் திரும்பித் திரும்பி நின்றாள். நான் மண்டி போட்டு இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினேன். இரண்டு ஓரத்துக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் கருப்பு ரிப் தெரிந்தது. "அந்தச் சந்து அகலமாகற அளவுக்கு நான் தேறோணும்" என்றாள். கோயம்புத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பாட்டி ஒருத்தி, "ஏங்கண்ணு, புல்லட்டு ஓட்டிப் பழகறியா?" என்று கேட்டாள். "ஆமாங்க, இவருக்கு ஓட்டத் தெரியாது, நாந்தான் ஓட்டோணும்" என்றாள் உங்கள் அம்மா. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மருந்து ஏற்றும் அறையில் நர்ஸ் பெண்கள் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு அவளுக்குப் பல் தந்தியடிக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் நான்தான் கயிறு கட்டுவேன். அடுத்த தடவை கட்டும்போது கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த தடவையும். தோல் கயிற்றில் முடிச்சு விழுந்த இடம் வெளுத்துப் போகும், அதனால் முந்தின முடிச்சு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ரிப் துணி உள்ளங்கை அகலத்திலிருந்து இரண்டு விரல் ஆனது. பிறகு ஒரு கோடு. கயிற்றின் வால் மட்டும் நீண்டுகொண்டே போய் முழங்காலுக்குத் தொங்கியது. தடுக்கிவிடும் என்று நான் கத்திரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டிப்போடாதீங்க" என்று என் கையைப் பிடித்தாள். "லூசு பண்றப்ப நீளம் வேணுமுங்க."

அதைச் சுற்றிச் சுற்றி இடுப்பில் பூ மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஒரு காலை ஓரம் இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டிவிட்டன. இழுக்க இனி ஒன்றும் இல்லை. ஜாக்கெட்டுக்குள் அவள் இன்னமும் தனியாக அசைந்தாள். நான் மண்டி போட்டபடியே கயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி செய்தேன். மேலே நிமிரவில்லை.

"விடுங்க" என்றாள். "இழுத்த மாதிரி பண்ண வேண்டாமுங்க."

என் தலையில் கை வைத்தாள். ஜாக்கெட் கையின் ஜிப் என் காதில் சில்லென்று பட்டது. அன்றைக்கும் பஸ் ஏறிப் போனோம். அதற்கப்புறம் டாக்டர், இனி வர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் அவள் அதைப் போடவில்லை, மேலே போர்த்திக்கொண்டாள். நீங்கள் இரண்டு பேரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவள் மேல் கிடந்தது அதுதான். அவள் போன பிறகு நான் அதை எடுத்து, கயிற்றில் கை வைக்காமல், கட்டியிருந்தது கட்டியபடியே பீரோவில் மாட்டினேன். அந்த முடிச்சுகளை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் நீங்கள் அதை அப்படிப் பார்க்கும்படி ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சோற்றுத் தட்டு இரண்டும் மேசையிலேயே இருந்தன. கழுவி வைத்தேன். ஜாக்கெட்டை எடுத்துக் கட்டிலில் படுக்கப்போட்டேன். அந்தப் பச்சை டி-சர்ட்டைத் தேடி எடுத்து, சுருக்கம் நீவி, அதன் மேலே விரித்தேன். இடுப்பில் இருந்த பூ முடிச்சை அவிழ்த்தேன். கயிறு வளையத்துக்கு வளையம் மடங்கி இறுகிக் கிடந்தது, விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். ரிப் துணி கொஞ்சமும் தளர்ந்திருக்கவில்லை, விட விட இழுபட்டது. டி-சர்ட்டின் ஓரத்துக்கு வந்ததும், உள்ளே போடுகிற துணிக்காக இரண்டு விரல் கூட விட்டேன். இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டேன். முடிச்சுக்கு மேல் கயிறு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. நீளம் சரியாக இருந்தது.